ஒரு புற்றுநோய் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலைப் படிப்பது எப்படி?

போன ஆண்டு என் அக்கா மகள் பிஎச்.டி.க்குக் கைடு தேடிக்கொண்டிருந்தாள். மூலக்கூறு உயிரியல், அதிலும் புற்றுநோய். ஒரு தாளில் ஏழு பேராசிரியர்களின் பெயரை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை சான்று காட்டினார்கள் என்ற ஒரே ஓர் எண்ணைக் குறித்து வைத்திருந்தாள். "யாருக்கு நம்பர் பெருசோ அவர்கிட்டயே போயிடட்டுமா சித்தி?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் முழுக்க அந்த ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். முதலிடத்தில் இருந்தவரின் கணக்கில் பாதிக்கு மேல் அதே பெயர் கொண்ட வேறொருவருடைய கட்டுரைகள். நான்காவது பெயர்தான் அவள் படிக்க ஆசைப்பட்ட வேலையைத் தன் லேபில் உண்மையிலேயே செய்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் செய்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரு கணினி, ஒரு நோட்டு, இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். லேபில் சைட்டேஷன் என்று சொல்வதை நான் மேற்கோள் என்று எழுதுகிறேன். ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைத் தன் சான்றுப் பட்டியலில் சேர்த்தால் அது ஒரு மேற்கோள்.

உதாரணத்துக்கு உலகறிந்த ஓர் ஆய்வாளரை எடுத்துக்கொள்வோம்: சர் டேவிட் லேன். பி53 என்ற புரதத்தை 1979இல் கண்டெடுத்தவர்களில் ஒருவர். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதியில் இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதுபட்டிருக்கிறது. லண்டனில் தொடங்கி டண்டீ, சிங்கப்பூர் என்று பல ஊர்களில் வேலை பார்த்தவர். புதிதாகப் பழகுகிறவர் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவர் ஒருவர் பட்டியலிலேயே இருக்கின்றன.

முதலில் ஆளை உறுதி செய்யுங்கள்

பப்மெட் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தேடல் தளம். அதில் குடும்பப் பெயரை முன்னால் போட்டு, ஓர் இடைவெளி விட்டு, முதலெழுத்துகளைச் சேர்த்து அடிக்க வேண்டும். லேனை வெறும் 'லேன் டி' என்று தேடினால் உலகத்தில் உள்ள அத்தனை லேன்களும் வந்து நிற்பார்கள். அவர் முழுப்பெயர் டேவிட் பிலிப் லேன் என்பதால் 'லேன் டி பி' என்று இரண்டு முதலெழுத்தையும் கொடுங்கள், கூடவே பி53 என்றும் சேருங்கள். கூட்டம் உடனே குறையும். ஆனால் பி53 பற்றி அல்லாத அவருடைய கட்டுரைகளும் அந்த வடிகட்டலில் போய்விடும். அதனால் ஊர், நிறுவனம், கூட எழுதியவர்கள் என்று மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள்.

நம் ஊர் ஆய்வாளர்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். நாம் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக முன்னால் போடுகிறவர்கள். எஸ். கார்த்திகேயன் என்று ஒருவர் இருந்தால், ஒரு ஜர்னலில் அவர் 'கார்த்திகேயன் எஸ்.' ஆக இருப்பார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்த பிறகு வெளிநாடு போய் எழுதிய கட்டுரைகளில் 'சுப்பிரமணியன் கே.' ஆகிவிடுவார். ஒரே மனிதர் இரண்டாகப் பிரிவதும் உண்டு, இரண்டு மனிதர் ஒன்றாகச் சேர்வதும் உண்டு. திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களுக்கு இதனால் ஆகும் நஷ்டம் பெரிது. அவர்களின் முதல் பத்து ஆண்டு உழைப்பு தேடலிலேயே வராமல் போகலாம்.

இதற்காகத்தான் 2012இல் ஆர்கிட் எண் வந்தது. 16 இலக்கம், ஆளுக்கு ஒன்று. ஆய்வாளர் தானே பதிவு செய்துகொள்வது. அந்த எண் இருந்தால் முதலில் அதைத் திறங்கள். ஆனால் பலர் பழைய கட்டுரைகளை அதில் ஏற்றாமலே விட்டிருப்பார்கள், ஆகவே அதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். கூகுள் ஸ்காலரில் உள்ள சொந்தப் பக்கத்தில் தலைகீழான ஆபத்து: இயந்திரம் தானாகச் சேர்க்கிற பிறர் கட்டுரைகளை உரியவர் கவனித்து நீக்காவிட்டால் அவை அப்படியே தங்கிவிடும். அக்கா மகளின் தாளில் நடந்தது இதுதான். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணால் ஓட்டினாலே, மார்பகப் புற்றுநோய்க்கு நடுவில் கான்கிரீட் வலிமை பற்றி ஒரு கட்டுரை உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும்.

ஒரே இடத்தில் எண்ணாதீர்கள்

ஆள் சரி. இனி எண்ணிக்கை. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் இரண்டும் கட்டணத் தளங்கள், பல்கலைக்கழக நூலகத்தில் பெரும்பாலும் கிடைக்கும். தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்களை அடிப்படையாக வைத்து எண்ணுகிறவை. கூகுள் ஸ்காலர் வீசுவது பெரிய வலை. ஆய்வேடு, புத்தகம், மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடும் முன்பதிப்பு என எல்லாமே அதில் விழும். அதனால் அங்கே எண் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். பப்மெட் பட்டியல் எடுக்க நல்ல இடம், எண்ணுவதற்கு அது போதாது.

லேன் பட்டியலில் இது எப்படித் தெரிகிறது பாருங்கள். எட் ஹார்லோவும் அவரும் சேர்ந்து 1988இல் ஆன்டிபாடி வேலைக்கான ஒரு லேப் கையேடு எழுதினார்கள். கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்ற அமெரிக்க ஆய்வகத்தின் வெளியீடு. முயலுக்கு எப்படி ஊசி போடுவது, சீரத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்று கைப்பிடித்துச் சொல்லித்தரும் புத்தகம். உலகம் முழுக்க லேப் மேசைகளில் கறைபட்டுக் கிடந்த புத்தகம் அது. அதைச் சான்றாகக் காட்டிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கூகுள் ஸ்காலரில் அது கணக்கில் சேரும், பப்மெட்டில் கட்டுரைகளை மட்டும் தேடினால் கண்ணில் படாது. எந்த எண்ணை எழுதினாலும் எந்தத் தளம் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒருவருக்கு ஸ்காலர் எண்ணும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண்ணும் வைத்து ஒப்பிடுவது இட்லியை எண்ணி மாவை எடை போடுவது மாதிரி.

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது?

உயிரியலில் எழுதியவர் வரிசைக்கு அர்த்தம் உண்டு. கைகளால் வேலை செய்தவர், பெரும்பாலும் மாணவரோ, பிஎச்.டி. முடித்து ஆய்வைத் தொடர்கிற போஸ்ட்டாக்கோ, முதலில் வருவார். லேபை நடத்துகிறவர், பணமும் பொறுப்பும் உள்ளவர், கடைசியில் வருவார். நடுவில் இருப்பவர்களின் பங்கு சிறியதாகவும் இருக்கலாம், பெரியதாகவும் இருக்கலாம். கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பெயரின் மேல் நட்சத்திரக் குறி இருந்தால் அடிக்குறிப்பைப் படியுங்கள், சம பங்கு என்று எழுதியிருப்பார்கள்.

1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் இரண்டே பெயர்: லேன் முதலில், லயனல் கிராஃபோர்டு அடுத்து. இன்றைய கட்டுரைகளைப் பார்த்துப் பழகியவருக்கு இது அதிசயமாக இருக்கும். அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 33 வகைப் புற்றுநோய்களில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தது. அதில் வந்த கட்டுரைகளில் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அப்படி ஒன்றிரண்டில் நடுவே பெயர் இருந்தாலே ஒருவரின் மொத்த மேற்கோள் எகிறிவிடும். அந்த உழைப்பு மதிப்புள்ளதுதான். ஆனால் கைடு தேடுகிற மாணவிக்கு வேண்டியது வேறு. கடந்த ஐந்தாறு ஆண்டில் அந்தப் பேராசிரியர் கடைசிப் பெயராக நின்ற கட்டுரைகள் எத்தனை, அவற்றில் முதல் பெயராக யார் யார் இருக்கிறார்கள்? வெவ்வேறு மாணவர் பெயர்கள் முதலிடத்தில் மாறி மாறி வந்தால் அந்த லேபில் மாணவர்களுக்குக் கட்டுரை கிடைக்கிறது என்று தெரியும். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் பயன்படும்.

கட்டுரை எந்த வகை?

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். அதிக மேற்கோள் பெற்ற பத்துக் கட்டுரைகளை எழுதி, ஒவ்வொன்றும் என்ன வகை என்று பக்கத்தில் குறியுங்கள். புதுக் கண்டுபிடிப்பா, செய்முறையா, பிறர் வேலைகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூவா, குறிப்புரையா, பெரிய கூட்டுத் திட்டமா, மருந்துச் சோதனையா?

செய்முறைக் கட்டுரைகள் தனிச் சாதி. 1951இல் ஆலிவர் லௌரி குழு, கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க ஒரு வழி எழுதியது. 2014இல் எண்ணியபோது அந்த ஒரு கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள், உலகிலேயே முதலிடம். டி.என்.ஏ. இரட்டைச் சுருள் பற்றிய 1953ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் நூறு இடங்களுக்குள்ளேயே வரவில்லை. புற்றுநோய் லேபில் இதற்குப் பக்கத்து உதாரணம் எம்டிடி சோதனை. மருந்து போட்ட பிறகு எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று ஊதா நிறத்தை வைத்து அளப்பது. டிம் மோஸ்மன் 1983இல் தனி ஆளாக எழுதியது. அவரே 1986இல் ராபர்ட் காஃப்மனோடு சேர்ந்து, உதவி டி செல்களில் இரண்டு வகை உண்டு என்று காட்டினார். நோய் எதிர்ப்பு இயலையே திருப்பிப்போட்ட வேலை. ஆனாலும் மேற்கோளில் ஊதா நிறச் சோதனைதான் பல மடங்கு முன்னால் இருக்கிறது. தினமும் கையில் எடுக்கிற கரண்டிக்குக் கிடைக்கிற எண்ணிக்கை அது. கரண்டி செய்தவருக்கும் நன்றி சொல்வோம், சமையலையும் தனியாக ருசி பார்ப்போம்.

ரிவ்யூ கட்டுரைகள் அடுத்தது. டக்ளஸ் ஹனஹனும் ராபர்ட் வைன்பெர்க்கும் 2000இல் செல் ஜர்னலில், புற்றுநோய் செல்லாக மாறுவதற்கு ஆறு அடையாளங்களைத் தொகுத்துக் கொடுத்தார்கள். 2011இல் அதை விரித்தார்கள். இந்தத் துறையில் முன்னுரை எழுதும்போது அந்த இரண்டில் ஒன்றைக் காட்டாதவர் குறைவு. புதுச் சோதனை எதுவும் அதில் இல்லை. ஆனால் சிதறிக் கிடந்த ஆயிரம் உண்மைகளை ஒரு சட்டத்துக்குள் நிறுத்தியது பெரிய அறிவுப் பணி. ஆகவே ரிவ்யூ என்றதும் கழித்துவிடாதீர்கள். ஒருவரின் மேல்வரிசை முழுக்க ரிவ்யூவாகவே இருந்தால் மட்டும், லேபில் இப்போது என்ன நடக்கிறது என்று இன்னொரு முறை கேளுங்கள்.

லேனின் பட்டியலில் இன்னொரு வகையும் இருக்கிறது. 1992இல் நேச்சர் இதழில் பி53ஐ மரபணுத் தொகுதியின் காவலன் என்று அழைத்து ஒரு குறிப்புரை எழுதினார். இரண்டு பக்கம்தான். டி.என்.ஏ. அடிபட்டால் பி53 செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துகிறது, பழுது சரியாகாவிட்டால் செல்லைச் சாகவிடுகிறது என்ற கருத்தை ஒரு சொல்லில் பிடித்துக் கொடுத்தார். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கத்துக்கு ஆயிரக்கணக்கான மேற்கோள். 1979இல் வந்த மூலக் கட்டுரையின் தலைப்பிலோ பி53 என்ற சொல்லே கிடையாது. குரங்கு வைரஸான எஸ்வி40ஆல் மாற்றப்பட்ட செல்களில் டி ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதம் ஒரு செல் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது என்றுதான் சொல்கிறது. பெயர் பின்னால்தான் நிலைத்தது. தலைப்பில் சொல்லைத் தேடுகிறவருக்கு அந்த மூலக் கட்டுரை கிடைக்கவே கிடைக்காது.

ஹெச் இன்டெக்ஸைக் கையால் போடுங்கள்

2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த கணக்கு இது. ஒருவரின் கட்டுரைகளில் எத்தனைக்கு, குறைந்தது அத்தனை மேற்கோளாவது இருக்கிறதோ, அந்த எண்தான் ஹெச் இன்டெக்ஸ். தளம் காட்டுகிற எண்ணை அப்படியே எடுக்காமல் ஒரு தடவையாவது தாளில் போட்டுப் பாருங்கள். ஒருவரிடம் பத்துக் கட்டுரை, மேற்கோள்கள் இறங்கு வரிசையில் இப்படி என்று வையுங்கள்: 412, 96, 40, 22, 15, 9, 6, 3, 1, 0.

மேலிருந்து ஒன்று, இரண்டு என்று இடம் போட்டுக்கொண்டே வாருங்கள். ஆறாவது இடத்தில் 9 இருக்கிறது, ஆறைவிடக் குறையவில்லை. ஏழாவது இடத்தில் 6, ஏழைவிடக் குறைவு. அங்கே நிறுத்துங்கள். ஹெச் இன்டெக்ஸ் 6. கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10 என்பது பத்து அல்லது அதற்கு மேல் மேற்கோள் வாங்கிய கட்டுரைகளின் எண்ணிக்கை, இங்கே 5. மொத்தம் 604, சராசரி 60.4. ஆனால் நடுவில் நிற்கிற கட்டுரைக்குக் கிடைத்தது சுமார் 12 மேற்கோள்தான். ஒரே கட்டுரை சராசரியைத் தூக்கிவிட்டிருக்கிறது.

இப்போது முதல் எண்ணை 412க்குப் பதில் 4120 ஆக்குங்கள். ஹெச் இன்டெக்ஸ் அதே 6. வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தவரை இந்த எண் கண்டுகொள்ளாது. அது ஒருநாளும் இறங்காது, ஓய்வு பெற்ற பிறகும் ஏறும். ஆகவே 30 ஆண்டு அனுபவம் உள்ளவரையும் போன ஆண்டு லேப் தொடங்கியவரையும் இதை வைத்து நிறுத்துப் பார்ப்பது அநியாயம். ஒரே வயது, ஒரே துறை என்றால் மட்டும் ஓரளவு பேசும்.

துறை வித்தியாசத்தைச் சரிக்கட்ட இலவசமாக ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளத்தில் கட்டுரைகளின் பப்மெட் அடையாள எண்களை ஒட்டினால், ஒவ்வொரு கட்டுரைக்கும் அதே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிட்ட ஒரு விகிதம் வரும். அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமட்டம் 1.0. அரிதான ஒரு குழந்தைப் புற்றுநோயில் வேலை செய்கிறவரின் 40 மேற்கோள் உண்மையில் எவ்வளவு பெரியது என்று இதில் தெரியும்.

ஆண்டு வாரியாகப் பாருங்கள். போன ஆண்டு வந்த கட்டுரைக்கு மேற்கோள் இல்லை என்றால் அதில் ஒன்றுமில்லை, இரண்டு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். பி53 விஷயத்தில் பத்து ஆண்டு ஆயிற்று. 1980களில் அது புற்றுநோயைத் தூண்டும் மரபணு என்றே நம்பினார்கள். சோதனைகளில் பயன்படுத்திய பிரதிகள் பழுதுபட்டவை என்பது தெரியாமல் வந்த முடிவு அது. 1989இல் ஆர்னால்டு லெவின், பெர்ட் வோகல்ஸ்டைன் லேப்களின் வேலை வந்த பிறகுதான் அது உண்மையில் புற்றுநோயைத் தடுக்கிற மரபணு என்று தெரிந்தது. 1993இல் சயன்ஸ் இதழ் பி53ஐ அந்த ஆண்டின் மூலக்கூறு என்று அறிவித்தது. 1985இல் நின்று எண்ணியிருந்தால், தவறான முடிவுக்கும் நல்ல மேற்கோள் இருந்திருக்கும்.

ஜர்னல் பெயருக்கு மயங்காதீர்கள்

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு ஜர்னலின் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோளின் சராசரி, எழுதியவரின் மதிப்பெண் அல்ல. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் சிஏ என்ற இதழுக்கு அது பல ஆண்டுகளாக இருநூறைத் தாண்டி நிற்கிறது. ஆண்டுதோறும் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரைகளை உலகமே சான்று காட்டுவதுதான் முக்கியக் காரணம். இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆய்வாளர்களும் பதிப்பாசிரியர்களும் கூடி ஒரு பிரகடனம் எழுதினார்கள். அது டோரா என்ற சுருக்கப் பெயரில் தெரியும்.

மேற்கோள் காட்டிய வரியைத் திறங்கள்

மேற்கோள் எண்ணிக்கையை முதலில் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1955இல் யோசனையை எழுதினார், 1964இல் அட்டவணையாகக் கொண்டுவந்தார். ஒரு பழைய கட்டுரையை அதற்குப் பின் வந்தவர்கள் எப்படி விமர்சித்தார்கள் என்று படிக்கிறவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் முதலில் சொன்ன பயன்களில் ஒன்று. அந்தப் பயனை நாம் மறந்துவிட்டோம் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஆகவே இதைச் செய்யுங்கள். முக்கியமான ஒரு கட்டுரையை எடுத்து, அதைச் சான்று காட்டிய கட்டுரைகளில் பத்தைத் திறங்கள். ஒவ்வொன்றிலும் அந்தச் சான்று வரும் வரியைத் தேடிப் படியுங்கள். "பி53 பல புற்றுநோய்களில் மாறியிருக்கிறது" என்று சொல்லி, பின்னால் 12 முதல் 25 வரை சான்று எண்களை அடுக்கியிருந்தால், அந்தப் பதினான்கில் ஒன்றாக இருப்பது மரியாதைக்கான மேற்கோள். "இவர்கள் விவரித்த முறைப்படி செல்களை வளர்த்தோம்" என்றால் வேலைக்கான மேற்கோள். "இவர்கள் கண்டதற்கு மாறாக எங்கள் செல்களில் அப்படி நடக்கவில்லை" என்றால் அதுவும் கணக்கில் ஒன்றுதான், ஆனால் எதிர்ப்பு. "இவர்கள் காட்டிய இடத்திலிருந்து தொடங்கினோம்" என்று வந்தால் நின்று படியுங்கள். அந்த மாதிரி ஐந்து வரி, முந்நூறு மரியாதை மேற்கோளைவிட எனக்குப் பெரிது.

சுய மேற்கோளையும் இப்போதே பாருங்கள். ஒரே கேள்வியைப் பதினைந்து ஆண்டாகத் துரத்துகிறவர் தன் பழைய கட்டுரையைக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் திறந்த பத்தில் எட்டு அவருடையதாகவோ அவர் கூட்டாளிகளுடையதாகவோ இருந்தால் வட்டம் சிறியது. கல்லூரி வாசல்களில் பேனர் வைக்கிறார்களே, உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் என்று, அந்தப் பட்டியல் ஸ்கோபஸ் தரவை வைத்து ஜான் அயோனிடிஸ் குழு தயாரிப்பது. வாழ்நாள் கணக்கு, ஓர் ஆண்டுக் கணக்கு என்று இரண்டு உண்டு. சுய மேற்கோளைக் கழித்த நெடுவரிசையும் அதில் இருக்கிறது. பேனரைப் பார்த்தால் எந்தப் பட்டியல் என்று கேளுங்கள்.

பழுது இருக்கிறதா?

புற்றுநோய் ஆய்வில் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. நோயாளிகள் சம்பந்தப்பட்ட விஷயம். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டு, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உண்டா என்று பாருங்கள். பப்பியர் தளத்தில் படங்கள் பற்றி யாராவது கேள்வி கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எலிசபெத் பிக் குழு 2016இல், 20,621 கட்டுரைகளின் படங்களைச் சோதித்து, 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்கள் இருப்பதாகக் காட்டியது. ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்பதாலேயே ஆளைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். தன் லேபில் தவறு தெரிந்து தானே முன்வந்து திரும்பப் பெற்றவரை நான் கூடுதலாக நம்புவேன். அறிவிப்பில் காரணம் எழுதியிருப்பார்கள், படியுங்கள்.

மறுபடி செய்தால் அதே முடிவு வருமா என்பது இன்னும் ஆழமான கேள்வி. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தில் முக்கியமானவை என்று கருதப்பட்ட 53 கட்டுரைகளைச் சரிபார்க்க முயன்று, 6ஐ மட்டுமே உறுதி செய்ய முடிந்தது என்று 2012இல் க்ளென் பெக்லியும் லீ எல்லிஸும் எழுதினார்கள். உறுதியாகாதவற்றில் சிலவற்றின் மேல் நூற்றுக்கணக்கான தொடர் கட்டுரைகள் எழும்பியிருந்தன. பிறகு நடந்த ஒரு பெரிய மறுசோதனைத் திட்டம் 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளை எடுத்து, 2021இல் முடித்தபோது 23 கட்டுரைகளின் 50 சோதனைகளைத்தான் செய்து பார்க்க முடிந்தது. அந்த 193இல் ஒன்றைக்கூட, எழுதியவரிடம் கேட்காமல் கட்டுரையை மட்டும் வைத்துத் திரும்பச் செய்யும்படி விவரம் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே நீங்கள் பார்க்கிறவர் செய்முறையை முழுதாக எழுதுகிறாரா, மூலத் தரவைப் பொதுவில் வைக்கிறாரா என்று இரண்டு கட்டுரையிலாவது கவனியுங்கள்.

கடைசியில் நோட்டில் அரைப் பக்கம்

முதல் வரியில் பார்த்த தேதியும் தளத்தின் பெயரும், ஏனென்றால் எண் அடுத்த வாரமே மாறும். அப்புறம் அவர் கடைசிப் பெயராக நின்ற சமீபத்திய ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றும் என்ன வகை, யார் முதல் பெயர். திறந்து படித்த மேற்கோள் வரிகளில் உங்களைப் பிடித்து நிறுத்திய ஒன்று. பழுது ஏதும் இருந்தால் அதன் காரணம். ஹெச் இன்டெக்ஸ் எழுத ஆசைப்பட்டால் கடைசி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பெயர்களாகக் குறித்து வைத்த மாணவர்களில் ஒருவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டு, லேப் எப்படி என்று கேளுங்கள். பெரும்பாலும் மனம்விட்டுச் சொல்வார்கள்.

என் அக்கா மகள் நான்காவது பெயருக்கு எதிரே ஒரு கேள்வியை எழுதினாள்: "மூன்றாவது படத்தில் கட்டுப்பாட்டுச் செல்களில் பி53 ஏன் இவ்வளவு மங்கலாகத் தெரிகிறது?" அந்தக் கேள்வியையே பேராசிரியருக்கு அனுப்பினாள். பதில் வர எட்டு நாள் ஆனது. கூடவே கட்டுரையில் சேர்க்காமல் விட்ட இரண்டு படங்கள் இணைப்பில் வந்திருந்தன.